அள்ள ஒரு கவுன்சில், எரிக்க ஒரு கவுன்சில்

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. இங்கிலாந்தில் கவுன்சில்களை, அதாவது உள்ளாட்சி மன்றங்களை, ஏன் கலைக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய்.

1974இல் வந்த ஈரடுக்கு ஏற்பாட்டைத்தான் இப்போது எல்லா வேலையும் ஒரே கவுன்சிலிடம் இருக்கும் ஓரடுக்காக மாற்றுகிறார்கள். பள்ளி, சாலை, முதியோர் பராமரிப்பெல்லாம் மேலே இருக்கும் கவுண்டிக்கு. வீட்டுவசதி, கட்டட அனுமதி, வரி வசூல் கீழே இருக்கும் டிஸ்ட்ரிக்ட்டுக்கு. குப்பையை எடுத்துக்கொள். வாசலில் அள்ளுவது டிஸ்ட்ரிக்ட், அதை எரிப்பதோ புதைப்பதோ கவுண்டி. உணவுக் கழிவைத் தனியாக எடுத்தால் வண்டிச் செலவும் ஆள் கூலியும் டிஸ்ட்ரிக்ட் தலையில். எரிப்புச் செலவு குறைகிற லாபம் கவுண்டிக்கு. யார் முனைந்து செய்வார்? இதற்காக ஓரடுக்கு வேண்டும் என்றால் நானும் கை தூக்குவேன்.

"செலவு மிச்சம்" என்கிற வாதம்தான் இடிக்கிறது. சாமர்செட்டில் ஒரு கவுண்டியும் 4 டிஸ்ட்ரிக்ட்டுகளும் 2023 ஏப்ரல் 1 அன்று ஒன்றாயின. அதே நவம்பரில் நிதி அவசரநிலை அறிவித்தார்கள். ஐந்து தலைமை அதிகாரிகள் ஒருவரானால் நான்கு சம்பளம் மிஞ்சும், சரி. பணத்தை விழுங்குவது முதியோர், குழந்தைகள் பராமரிப்பு. அது கவுண்டியிடம் ஏற்கெனவே இருந்த சுமை. இணைத்தால் குறையாது, டிஸ்ட்ரிக்ட்டுகள் சேர்த்து வைத்ததையும் சேர்த்துத் தின்னும்.

அடுத்த தலைவலி வீட்டு வரி. இணைந்த பிறகு எல்லாருக்கும் ஒரே அளவு ஆக வேண்டும். பக்கத்துப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டில் ஒரே வகை வீட்டுக்கு ஒன்றில் 150 பவுண்டு, இன்னொன்றில் 250 என்று வைத்துக்கொள். 150க்கு இறக்கினால் வருமானம் போச்சு. 250க்கு ஏற்றினால் ஊர் கொதிக்கும். அதனால் சமப்படுத்த 7 ஆண்டு வரை சட்டம் அவகாசம் தருகிறது.

கலையப்போகிற கவுன்சில் கடைசி நேரத்தில் கஜானாவைக் காலி செய்துவிடுமோ என்ற பயமும் உண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் ஆணை போட்டுவிட்டால், ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் நிலம் விற்கவும் 10 லட்சத்துக்கு மேல் மூலதன ஒப்பந்தம் போடவும் அந்த ஆணையில் சொல்லப்பட்டவரின் ஒப்புதல் வேண்டும்.

ஆனால் ஏற்கெனவே வாங்கிய கடனை என்ன செய்வது? சரே கவுண்டியின் 12 கவுன்சில்கள் 2027 ஏப்ரலில் கிழக்கு சரே, மேற்கு சரே என்று இரண்டாகப்போகின்றன. அதில் வோக்கிங் என்கிற ஒரு டிஸ்ட்ரிக்ட் மட்டும் கடைத்தெருவும் அடுக்குமாடியும் கட்டப் போய்ச் சுமார் 200 கோடி பவுண்டு கடனில் நிற்கிறது. அரசு 50 கோடியைத் தான் அடைப்பதாகச் சொன்னது. மிச்சம் மேற்கு சரேக்குத்தான். வோக்கிங் கடனுக்குச் சம்பந்தமில்லாத, அதே மேற்கு சரேயில் சேரும் கில்ட்ஃபோர்டுக்காரனுக்கும் அதில் பங்கு உண்டு. அவன் முணுமுணுப்பதில் தப்பில்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கவுன்சில் கலைந்த நகரத்துக்குக் கீழே பாரிஷ் கவுன்சில் என்கிற ஊர் அளவிலான சிறு மன்றமும் இல்லையென்றால், மேயர் சங்கிலியையும் செங்கோலையும் காக்க என்றே தனி அறங்காவலர்களை வைப்பார்கள்!

உங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கிற பேச்சு என்னாயிற்று? சேர்த்தால் நூறு நாள் வேலை போகும், சொத்து வரி ஏறும். எவ்வளவு ஏறும் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
ராகவன்