ஓரத்தை வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய நூலக இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நூலகம் அண்மையில் இணையத்தில் ஏற்றிய தென்னிந்தியத் தாவரப் படங்கள் குறித்து எழுதுகிறோம். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட்டின் ‘ஐகோனெஸ்’ என்னும் தாவரப் பட நூல் பற்றித் தங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. 1838 முதல் 1853 வரை சென்னையில் அச்சான 2,101 படங்கள் அவை. தங்கள் தளத்தில் ஒவ்வொன்றின் கீழும் ஒரே குறிப்பு: “கம்பெனிப் பாணி. ஓவியர் பெயர் தெரியவில்லை.” கம்பெனி ஆட்களுக்காக இந்திய ஓவியர்கள் வரைந்த பாணி அது.

பெயர் தெரியும் ஐயா. மூலநூலைத் திறந்தால், பல படங்களின் இடது கீழ் மூலையில் எறும்பு ஊர்ந்தாற்போல் ‘ரங்கையா டெல்.’ என்றோ ‘கோவிந்து டெல்.’ என்றோ இருக்கும். ‘டெல்.’ என்பது ‘வரைந்தவர்’ என்பதற்கான லத்தீன் சுருக்கம். தங்கள் ஸ்கேன் கோப்பில் அந்த மூலையே இல்லை.

காரணம் எளிது. பழந்தாளின் ஓரம் பழுப்பேறியிருக்கும். ‘ஓரம் நீக்கு’ என்ற வசதியை இயக்கி விட்டால், மென்பொருள் அந்தப் பழுப்பை அழுக்கென்று எண்ணி உள்ளே வரை நறுக்கிவிடும். போவது பெயர் மட்டுமல்ல. செடிக்குக் கீழே மொட்டு, பிளந்த பூ, மகரந்தத்தாள், குறுக்கே வெட்டிய சூலகம், விதை என்று பெரிதாக்கி வரைந்து ஒவ்வொன்றுக்கும் எண் இட்டிருப்பார்கள். நூலின் விளக்கம் அந்த எண்களை நம்பித்தான் நடக்கிறது. கீழ் ஓரம் போனால் எண்ணும் போகும். நான்காம் உருவம் சூலகமா விதையா என்று பிறகு யார் சொல்வது? பல செடிகளை அடையாளம் காண, அந்தக் குறுக்குவெட்டில் எத்தனை அறை என்பது முக்கியம்.

எனவே கேட்பது ஒன்றே: ஓரத்தை வெட்டாதீர்கள். தாளின் நான்கு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பின்னணி தெரியட்டும். பக்கத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும் வையுங்கள். கையால் வரைந்த மூலப்படங்கள் இருந்தால் பின்பக்கத்தையும் எடுங்கள். செடியின் ஊர்ப்பெயரும் பறித்த இடமும் சில சமயம் அங்கே கிடக்கும். விளக்கைத் தாளுக்குப் பின்னால் வைத்து ஒருமுறை எடுத்தால், தாள் செய்யும்போதே அதில் பதிந்த நீர்க்குறி தெரியும். அதில் ஆண்டு இருந்தால், படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்றாவது உறுதியாகும்.

ஓரத்தை வெட்ட மட்டுமா நேரம் இருந்தது? தங்கள் சின்னத்தைப் பூவின் நடுவில், சரியாகச் சூலகத்தின் மேலேயே பதிக்கவும் நேரம் இருந்திருக்கிறது. கம்பெனி மருத்துவரான வைட், தன் ஓவியர் கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று பெயரிட்டார். இன்று அது ட்ரோபிடியா என்ற வேறொரு பேரினத்துக்குள் அடங்கிவிட்டது, அது வகைப்பாட்டு விதி. ஆனால் 170 ஆண்டுகளுக்குப் பிறகு நம்மூர் நூலகம் ஒன்று அவரை ‘பெயர் தெரியாதவர்’ ஆக்குவது எந்த விதி?

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்தருள்க. மறுபடி ஸ்கேன் செய்ய நாளாகும் என்பது எங்களுக்கும் புரிகிறது. அதுவரை குறிப்பையாவது மாற்றலாம். நூலை மேசையில் விரித்து, மூலையில் இருப்பதைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் போதும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று தேவைப்படும். பெயர் அச்சாகாத படத்துக்கு மட்டும் ‘பெயர் இல்லை’ என்று போடுங்கள். மறுபடி எடுக்கும் நாளில், தயவுசெய்து, ஓரத்தை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
இப்படங்களை வைத்துச் செடி அடையாளம் காண்போர் சிலர்