ஆள் கையில் இருக்கும்போது ஏலம் எதற்கு?

வங்கிகளிலும் வீட்டுக்கடன் நிறுவனங்களிலும் ‘அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி’ என்று கையெழுத்துப் போடும் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. பதவி நன்றாகத் தெரியும். நாளிதழின் உள்பக்கத்தில், பொடி எழுத்தில், ‘எங்கு உள்ளதோ அங்கு உள்ளபடி, எது உள்ளதோ அது உள்ளபடி’ என்று வரும் ஏல அறிவிப்புகளின் அடியில் அது இருக்கும். நான் திருப்பூரில் 22 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். காலையில் டீ வரும்வரை மற்றவர்கள் சினிமாப் பக்கம் பார்ப்பார்கள். நான் அந்தப் பொடி எழுத்தில் தெரிந்த சர்வே நம்பர் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். 2024 பிப்ரவரியில் ஒன்று மாட்டியது. என் சித்தப்பா மகன் வீடு.

தம்பிக்குச் சொந்தமாகப் பன்னிரண்டு மெஷின் போட்ட பவர் டேபிள், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட், இருந்தது. 2018ல் வீட்டுக்கடன் வாங்கி மூன்று சென்டில் வீடு கட்டினான். 2022ல் நூல் விலை ஏறிய ஏற்றத்தில் திருப்பூரே ஆடிப்போனது உங்களுக்கும் நினைவிருக்கும். அவனுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனிகள் ஆர்டரைக் குறைத்தன. கொரோனாவில் ஏற்கெனவே கரைந்த சேமிப்பு அதோடு முடிந்தது. 2023ல் தவணை தொடர்ந்து நின்றது. 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அப்புறம், கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டை வங்கி எடுத்து விற்க வழிவிடும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) நோட்டீஸ், 60 நாள் கெடு, பிறகு கேட்டில் ஒட்டிய உடைமை அறிவிப்பு. மைதாப் பசை காயும் முன்பே போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவன் மனைவி தோசைக்கரண்டியால் அதைச் சுரண்டி எடுத்தார். அதற்குள் தெரு முழுவதும் படித்துவிட்டது.

இதுவரை நடந்ததில் எனக்குப் புகார் ஏதும் இல்லை. வாங்கிய கடன், கட்ட முடியவில்லை, சட்டப்படி செய்தீர்கள். என் சண்டை அதற்கு அப்புறம் நடந்ததோடுதான்.

தம்பி அழுதுகொண்டு உட்காரவில்லை. ஆள் தேடினான். அக்டோபரில் ஆள் கிடைத்தது. இரண்டு தெரு தள்ளி மளிகைக்கடை வைத்திருப்பவர், மகள் கல்யாணத்துக்குப் பிறகு சொந்த வீடு வேண்டும் என்றிருந்தவர். வீட்டை மூன்று தடவை வந்து பார்த்தார். சமையலறை பிடித்திருந்தது, தண்ணீர்த் தொட்டி சின்னது என்றார். 32.50 லட்சத்துக்கு முடிந்தது. 20 லட்சம் அவருக்கு வேறொரு வங்கி கடன் தருகிறது, மீதி கையிருப்பு. அன்றைய தேதிக்கு தம்பியின் பாக்கி அபராத வட்டியெல்லாம் சேர்த்து 34.10 லட்சம். இடைவெளி 1.60 லட்சம். அதில் அறுபதாயிரத்தை நகையை வைத்து நான் கட்டுகிறேன், ஒரு லட்சத்தை மட்டும் தள்ளுபடி செய்யுங்கள் என்று கடிதம் எழுதினான். எழுதிக் கொடுத்தது நான்தான். பணத்தை அவன் கையில்கூடத் தர வேண்டாம், பதிவு அன்று நேராக உங்கள் பெயருக்கே டிடி எடுத்துவிடுகிறோம் என்றும் அதில் இருந்தது.

கடிதத்தில் கேட்டது வேறொன்றுமில்லை, ஒரு சம்மதம். ஏனென்றால் 13(2) நோட்டீஸ் வந்த பிறகு உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கடன்காரர் வீட்டை விற்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 13(13) சொல்கிறது. அதாவது வீட்டை விற்றுக் கடனைக் கட்டு என்று நெருக்குவதும் நீங்கள், விற்கக் கையெழுத்துப் போட வேண்டியதும் நீங்கள். அந்தக் கையெழுத்து வராவிட்டால் அவன் எங்கே போவான்?

கிளையில் கேட்டோம். ‘ஃபைல் ரீஜனல் ஆபீஸ் போயிருச்சுங்க, எங்க கையில எதுவும் இல்லை’ என்றார்கள். ரீஜனல் ஆபீஸில், அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி டூர் போயிருக்கிறார் என்றார்கள். நான்காவது தடவை அதிகாரியையே பார்த்தோம். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னார்: “உங்க ஆளை ஏலத்துல கலந்துக்கச் சொல்லுங்க.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல்.

மளிகைக்கடைக்காரர் ஏலத்தில் எப்படிக் கலந்துகொள்வார்? முன்வைப்புத் தொகையாகப் பத்து சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். ஏலம் கிடைத்தால் விலையில் கால் பங்கை அன்றோ மறுநாளோ கட்ட வேண்டும், மிச்சத்தை 15 நாளில். கெடுவை நீட்டலாம் என்று விதியில் இருக்கிறது, ஆனால் நீட்டுவதும் நீட்டாததும் உங்கள் இஷ்டம். 15 நாளில் எந்த வங்கி அவருக்கு வீட்டுக்கடன் பாஸ் பண்ணும்? தவறினால் கட்டிய பணம் போச்சு. அதற்கு மேல், உங்களிடம் இருப்பது காகிதத்தில் மட்டும் இருக்கும் குறியீட்டு உடைமைதான், வீட்டுக்குள் தம்பி குடும்பம் இருக்கிறது. அவர்களைக் காலி செய்ய நீங்கள் 14வது பிரிவில் கலெக்டரிடம் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். அது எப்போது வரும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? தம்பியே சாவியைக் கொடுத்து, கைகுலுக்கிப் போகிற வீட்டை வாங்க வந்த மனிதர் அவர். கடைசி நேரத்தில் யாராவது விலையை ஏற்றினால் ஐந்து நிமிடம் நீள்கிற ஆன்லைன் ஏலத்தில் பந்தயம் ஓட வந்தவர் இல்லை. டோக்கன் கொடுத்த பத்தாயிரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் மாதம் முதல் ஏலம். ரிசர்வ் விலை, அதாவது அதற்குக் கீழே கேட்க முடியாத விலை, 33 லட்சம். தம்பி என் கடைக்கு வந்துவிட்டான். கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு மணிவரை. ஒருவரும் கேட்கவில்லை. முதல் ஏலம் போகாவிட்டால் அடுத்ததற்கு 15 நாள் அறிவிப்பு போதும் என்பது விதி. ஏப்ரலில் விலையைப் பத்து சதவீதம் இறக்கி 29.70 லட்சத்துக்கு வைத்தீர்கள். ஒரே ஒருவர் கேட்டார். ஒரு படி ஏற்றி, 29.95 லட்சம். முடிந்தது. வாங்கியவர் இப்படி ஏல வீடுகளையே பார்த்து வாங்குகிற பார்ட்டி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் தொழில் அது.

கணக்கைப் பாருங்கள். ஆறு மாத வட்டி, இரண்டு நாளிதழில் விளம்பரம், மதிப்பீட்டாளர் கட்டணம், ஏஜென்சி செலவு எல்லாம் தம்பி தலையில் ஏறி பாக்கி 35.20 லட்சம் ஆகியிருந்தது. வந்தது 29.95. ஒரு லட்சம் தள்ளுபடி தர மனமில்லாத உங்களுக்கு 5.25 லட்சம் குறைந்தது. அதற்கும் அவனையே துரத்தலாம், மிச்சப் பாக்கிக்கு வழக்குப் போட 13(10) இருக்கிறது, சிவில் கோர்ட் இருக்கிறது. துரத்துங்கள். வாடகை வீட்டில், யாரோ ஒருவர் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக்கொண்டிருக்கிறவனிடம் என்ன கிடைக்கும் என்று பாருங்கள்.

டிசம்பரில் அதே வீட்டுக்கு நானே கிரயப் பத்திரம் எழுதினேன். ஏலத்தில் எடுத்தவர் விற்றார். விலையைச் சொல்வது என் தொழிலுக்கு அழகில்லை. 32.50க்கு மேல் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் பயமும் எனக்குத் தெரியும். தனியாகப் பேசி விற்றால் நாளைக்கு ஆடிட், விஜிலன்ஸ் கேள்வி கேட்கும். ஏலம் என்றால் யாரும் விரல் நீட்ட முடியாது. மச்சானையே பினாமியாக நிறுத்திப் பாதி விலைக்குக் கேட்கிற கடன்காரர்களும் இருக்கிறார்கள், அதுமாதிரி ஆட்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் விதி உங்களைக் கட்டிப்போடவில்லையே. 2002ம் வருட விதிகளில் 8(5) விற்பனைக்கு நான்கு வழி சொல்கிறது. விலைப்புள்ளி வாங்குவது, டெண்டர், பொது ஏலம், தனிப்பேச்சில் விற்பது. எப்படி விற்றாலும் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் மதிப்பீட்டை முதலில் வாங்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆள் சொல்லும் விலையை அந்த மதிப்பீட்டோடு வைத்துப் பார்த்தால் பினாமி தானாக வெளியே வந்துவிடுவார். பாக்கியில் கொஞ்சம் தள்ளுபடி செய்து கணக்கை முடிக்கிற சமரசத் தீர்வுக்கு ஒவ்வொரு வங்கியும் தன் போர்டில் கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூனிலேயே சொல்லியாயிற்று.

அப்படியும் சந்தேகமா? ஏலமே வையுங்கள். மளிகைக்கடைக்காரர் சொன்ன 32.50ஐயே ரிசர்வ் விலையாகப் போடுங்கள். அதற்கு மேல் யாரும் கேட்காவிட்டால் அவருக்கே கொடுங்கள், அவருடைய வங்கிக்கடன் வரும்வரை விதி அனுமதிக்கிற மூன்று மாதத்தைக் கொடுங்கள். எந்த ஆடிட்டர் இதைக் குற்றம் சொல்வார்?

அமெரிக்காவில் 2008 வீட்டுவிலைச் சரிவுக்குப் பிறகு இதே கூத்து நடந்தது. கடனைவிட வீட்டு விலை குறைந்துபோனவர்கள், வங்கியின் சம்மதத்தோடு குறைந்த விலைக்கு விற்பதை அங்கே ‘ஷார்ட் சேல்’ என்பார்கள். வாங்க ஆள் கையெழுத்துப் போட்டுக் காத்திருக்கும்போதே, வீட்டை ஆன்லைன் ஏலத்தில் போட்டால்தான் சம்மதம் என்று சில கடன் வசூல் நிறுவனங்கள் நெருக்கின. அந்த ஏலத் தளங்களுக்குக் கட்டணம் வேறு. அப்படி ஒரு நிறுவனத்தோடு தொடர்புடைய தளத்தில் அந்த நிறுவனத்தின் கணக்கு வீடுகளுக்கு 4.5 சதவீதமும் வெளியார் வீடுகளுக்கு 1.5 சதவீதமும் வாங்கப்படுவது ஏன் என்று நியூயார்க் மாநில நிதிச் சேவைகள் துறை 2014ல் கடிதம் எழுதிக் கேட்டது. நம் ஊரில் கேட்பார் யாரென்று தெரியவில்லை, அதனால் நான் கேட்கிறேன்.

எனக்கு வேண்டியது பெரிய சட்டத் திருத்தம் ஒன்றும் இல்லை. 13(2) நோட்டீசுக்குக் கடன்காரர் ஆட்சேபம் எழுதினால் 15 நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே கெடு இருக்கிறது. ‘ஆள் கொண்டுவந்திருக்கிறேன், சம்மதம் கொடுங்கள்’ என்ற கடிதத்துக்கு மட்டும் கெடுவே இல்லை. அதற்கும் 15 நாள் வையுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதிக் கொடுங்கள். பதில் தரும்வரை ஏல அறிவிப்பு போடாதீர்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு அறிவிப்பு வெளியான நாளோடு கடனை அடைத்து வீட்டை மீட்கிற உரிமையே போய்விடுகிறது, உச்ச நீதிமன்றமும் 2023ல் அதை உறுதிசெய்துவிட்டது. ஆகவே நீங்கள் பதில் சொல்லாமல் இழுக்கிற ஒவ்வொரு நாளும் கடன்காரர் இழக்கிற நாள்.

ரிசர்வ் வங்கிக்கும் ஒரு வார்த்தை. கடனை அடைத்தவருக்கு 30 நாளில் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று 2023 செப்டம்பரில் போட்டீர்களே, அன்றிலிருந்து பத்திரங்கள் எவ்வளவு வேகமாக வருகின்றன என்று என் கடையில் உட்கார்ந்து பார்க்கிறேன். சம்மதக் கடிதத்துக்கும் அப்படி ஒன்று போட்டால் டூர் போன அதிகாரிகள் சீக்கிரம் திரும்பிவிடுவார்கள்.

இப்போது என் மேசையில் இன்னொரு ஃபைல் இருக்கிறது. வேறு வங்கி, வேறு வீடு, வாங்க ஆள் தயார். சம்மதம் கேட்டுக் கடிதம் கொடுத்து 41 நாள் ஆகிறது. வாங்குபவர் இந்த மாதம் முப்பதாம் தேதிவரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
திருப்பூர் பத்திர எழுத்தர் ஒருவர்