பின்னைப் பிடுங்க மறந்த கதை

மாப்ள,

ரெண்டு கடிதத்துக்குப் பதில் போடலைன்னு நீ திட்டியிருப்பே. நியாயம்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, சின்னவளுக்குப் பல்லுல கம்பி மாட்டியாச்சு, என் தலையில இன்னும் கொஞ்சம் போச்சு. வீட்டுச் சேதி அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மஞ்சக்காரி, அதான் என் மஞ்சக் காரோட சமாச்சாரம்.

மூணு மாசம் முன்னாடி நீளமா ஒரு ஓட்டம் ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன். இறங்கினா பெட்ரோல் வாடை. இவளுக்கு இன்ஜின் நம்ம முதுகுக்குப் பின்னாடியாச்சா, ஓட்டுறப்போ ஒண்ணும் தெரியாது. மூடியைத் தூக்கினேன். பெட்ரோல் போற ரப்பர் குழாய், ஃபியூயல் ஹோஸ், கிளாம்ப் கடிக்கிற இடத்துல வெடிச்சு, வேர்த்து நிக்குது. நான் பாத்துட்டு இருக்கும்போதே ஒரு சொட்டு திரண்டு, உருண்டு, விழுந்துச்சு. ரெண்டு விரற்கடை தள்ளி எக்ஸாஸ்ட் குழாய், இன்னும் டிக் டிக்னு ஆறிட்டு இருக்கு. அந்தச் சொட்டு இப்பவும் கனவுல வருது. பாடி ஃபைபர் கிளாஸ் வேற. தீ பிடிச்சா என்ன மிஞ்சும்னு வாத்தியாரோட சிவப்பு வண்டியில நீயும்தானே பாத்தே.

தீயணைப்பு சிஸ்டம் மாட்டப் போறேன்னு வீட்ல சொன்னேன். "அணைக்கிறது இருக்கட்டும், முதல்ல ஒழுகறதை நிறுத்துங்க"ன்னா. வாயை மூடிக்கிட்டு எல்லா ஹோஸையும் மாத்தினேன். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காதாம்.

அப்புறம் சிலிண்டருக்குள்ள தீயணைக்க எந்த மருந்துங்கற கேள்வி. உன் சீட்டுக்கடியில உருளுதே பவுடர் சிலிண்டர், அது தீயை அணைக்கும், மறுக்கலை. ஆனா வண்டிக்குள்ள அடிச்சா கண்ணும் தெரியாது, மூச்சும் விட முடியாது. தப்பிச்சாலும் அந்தத் தூள் ஈரம் பட்டு வயரையும் அலுமினியத்தையும் அரிச்சுத் தின்னும். நுரை நல்லா போர்த்தி மூடும், ஆனா தண்ணிக் கனம். ஹாலான்னு ஒரு தீயணைப்பு வாயு இருந்துச்சே, அது கதை வளர்ந்த நாடுகள்ல 1994லேயே முடிஞ்சுபோச்சு, ஓசோனுக்கு ஆகாதுன்னு உற்பத்தியையே நிறுத்திட்டாங்க. கடைசியில நோவெக் 1230 மாதிரி திரவம் எடுத்தேன். பாக்கத் தண்ணி மாதிரியே இருக்கும், 49 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாகித் தீயோட சூட்டை உறிஞ்சிடும், கறை கிடையாது. ஒரு குறை, ஆவிதானே, காத்து அடிச்சா பறந்துடும். அதனால வண்டியை நிறுத்திட்டுத்தான் கைப்பிடியை இழுக்கணும்.

மாட்டுறதுக்குள்ள முதுகு ஒடிஞ்சுது. பந்தய விதிப்படி சிலிண்டர் மவுன்ட் 25 ஜி, அதாவது எடையைப் போல 25 மடங்கு விசை தாங்கணும். நாலு கிலோ சாமான் மோதற நேரத்துல நூறு கிலோவா நம்ம மேல பாயும். பிளாஸ்டிக் கிளிப்பைத் தூக்கிப் போட்டுட்டு இரும்புப் பட்டை ரெண்டு போட்டு, தரையில அடியில தகடு கொடுத்து போல்ட் அடிச்சேன். இன்ஜின் பக்கம் மருந்து பீச்சுற நாசில் ரெண்டு, இன்ஜினுக்குப் பெட்ரோல் பிரிச்சு விடற ஃபியூயல் ரெயிலைப் பாத்து. உள்ளே ஒண்ணு, காலைப் பாத்து, மூஞ்சியைப் பாத்து இல்லை. அலுமினியக் குழாய் வளைக்கிறப்போ ரெண்டு மடங்கி வீணாச்சு, மூணாவதுதான் ஸ்பிரிங் விட்டு வளைச்சேன். பெட்ரோல் பம்ப் ஓடிட்டே இருந்தா அணைஞ்சது திரும்பப் பத்திக்கும், அதனால கட்-ஆஃப் சுவிட்சும் போட்டாச்சு. வெளியிலிருந்து இழுக்கவும் ஒரு கைப்பிடி, பக்கத்துல வெள்ளை வட்டத்துல சிவப்பா இங்கிலீஷ் 'ஈ' எழுத்து. நம்ம சிநேகிதன் குண்டு அதைப் பாத்துட்டு, "இவ்ளோ செலவு பண்ணி ஒரு ஈதான் ஒட்டினியா?"ன்னான்.

இப்ப அசிங்கத்தைச் சொல்றேன், சிரிக்காதே. மூணு வாரம் ஊரெல்லாம் காட்டிப் பெருமையடிச்சேன். ஒரு நாள் வாத்தியார் வந்தார். உள்ளே தலையை விட்டுப் பாத்தவர், "இந்தச் சிவப்பு நாடா எதுக்கு?"ன்னார். சேஃப்டி பின்னுடா! மாட்டும்போது தவறி வெடிக்கக் கூடாதேன்னு போட்ட பின். பிடுங்கவே இல்லை. தீ பிடிச்சிருந்தா கேபிளை இழுத்து இழுத்துக் கை வலிச்சிருக்கும், அவ்வளவுதான். அவர் ஒரு வார்த்தை பேசலை. பின்னை உருவி என் சட்டைப் பையில போட்டுட்டு, போய் உக்காந்துட்டார். அவர் வண்டி எரிஞ்ச அன்னிக்கும் இப்படித்தான் உக்காந்திருந்தார், ஞாபகம் இருக்கா?

ரொம்ப நேரம் கழிச்சு, "கண்ணை மூடிக்கிட்டு இறங்கு, பாக்கலாம்"ன்னார். பெல்ட் போட்டு, கைப்பிடியை இழுக்கிற மாதிரி தொட்டு, கட்-ஆஃப், பெல்ட், கதவு... 41 வினாடி, மாப்ள. கதவுப் பிடியை நான் தேடின இடத்துல கண்ணாடி ஏத்தற பிடிதான் இருந்துச்சு. சிலிண்டர் சில வினாடியிலயே காலி. 2020ல பஹ்ரைன்ல ஃபார்முலா ஒன் பந்தயத்துல டிரைவர் குரோஜான் நெருப்புக்குள்ளேருந்து அரை நிமிஷத்துக்குள்ள வெளியே வந்தார், அதுவும் தீ தாங்குற உடுப்போட. நான் பருத்திச் சட்டை. வாங்கின சிலிண்டரெல்லாம் தீயை அணைக்கத்தான்னு நினைச்சிட்டு இருந்தேன், அது எனக்கு இறங்க நேரம்தான் வாங்கித் தருது. தினமும் ராத்திரி பழகறேன், இப்ப 17. பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பைத்தியம்னு முடிவு கட்டிட்டார்.

நீ இன்னிக்கே அந்தப் பவுடர் சிலிண்டரை எடுத்து முள் பச்சையில நிக்குதான்னு பாரு. பாத்துட்டு நல்லா கட்டி வை, அது உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில போனா தீயே தேவையில்லை. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு இறங்கிப் பாத்து, எத்தனை வினாடின்னு எழுது. தொப்பையைக் கழிச்சுக் கணக்குச் சொல்லக் கூடாது.

உன்,
மஞ்சக்காரி புருஷன்