கணக்குப் போட்டு எழுதினால் அது இசையா? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

கணக்குப் போட்டு எழுதுவதெல்லாம் இசையா என்று சண்டைக்கே வந்துவிட்டாய். சரி, பெர் நோர்கோரைப் பற்றிச் சொல்கிறேன். டென்மார்க் நாட்டு இசையமைப்பாளர், 1932இல் பிறந்து 2025 மே மாதம் காலமானார், எட்டு சிம்பொனிகள் எழுதியவர். பதினேழு வயதில் வாவ்ன் ஹோல்ம்போ என்ற டென்மார்க் இசையமைப்பாளரிடம் பாடம் கேட்கப் போனார், இருபது வயது தாண்டிய புதிதில் பின்லாந்தின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் சிபேலியஸுக்கே கடிதம் எழுதிப் பதிலும் வாங்கினார் (எனக்கெல்லாம் அந்தத் துணிச்சல் வராது).

அவருடைய கணக்குக்கு முடிவிலித் தொடர் என்று பெயர். ஒரு தாளில் எழுதிப் பார்: 0, 1, −1, 2, 1, 0, −2, 3, −1, 2, 0, 1, 2, −1, −3, 4. தொடங்கிய சுரத்திலிருந்து எத்தனை அரைச்சுரம் ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்பதுதான் இந்த எண்கள். இப்போது முதலாவது, ஐந்தாவது, ஒன்பதாவது, பதின்மூன்றாவது எண்களை மட்டும் எடு, 0, 1, −1, 2 என்று தொடரின் தொடக்கமே திரும்ப வருகிறதா? ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் அதே மெட்டு தலைகீழாக, ஏற்றம் இறக்கமாகவும் இறக்கம் ஏற்றமாகவும் மாறி வரும். எவ்வளவு தூரம் நீட்டினாலும் இப்படியே. 1968இல் எழுதிய ‘பொன்திரைக்குள் பயணம்’ படைப்பின் இரண்டாம் பகுதி இந்தத் தொடரின் முதல் 1024 சுரங்களை வைத்துக் கட்டியது. ஒரே ஓட்டத்துக்குள் வேறு வேறு வேகத்தில் அதே மெட்டு நகர்வது காதுக்கே கேட்கும், கணக்கு தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.

ஆனால் நீ சொல்கிற ‘கணக்கு இயந்திரம்’ அவர் இல்லை. 1979இல் டென்மார்க்கில் உள்ள லூசியானா அருங்காட்சியகத்தில் அடால்ஃப் வோல்ஃப்லியின் ஓவியங்களைப் பார்க்கிறார். வோல்ஃப்லி வாழ்நாளில் பாதிக்கு மேல் சுவிட்சர்லாந்தில் ஒரு மனநலக் காப்பகத்தில் அடைபட்டு, அங்கேயே வரைந்து குவித்தவர். அதைப் பார்த்த பிறகு இருபது வருடமாக வளர்த்த ஒழுங்கை ஒதுக்கி வைத்துவிட்டு, 1981இல் நான்காவது சிம்பொனியை எழுதினார். இனிமையாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று உடையும். எனக்கு அதுதான் அவருடைய உச்சம், மூன்றாவதுதான் என்பவர்களோடு வாதாட நான் தயார்.

ஆசிரியராகவும் அப்படித்தான். 1965இல் கோபன்ஹேகனை விட்டு ஓர்ஹூஸ் என்ற இன்னொரு டென்மார்க் நகரத்தின் இசைக்கல்லூரிக்குப் போனபோது மாணவர்கள் சிலரும் கூடவே கிளம்பிவிட்டார்கள். அவரிடம் படித்த ஹான்ஸ் ஆப்ரஹாம்சனுக்கு 2016இல், பென்ட் சோரன்சனுக்கு 2018இல் இசையமைப்புக்கான கிராவமையர் விருது கிடைத்தது. இருவர் இசையும் குருவின் இசைபோல இருக்காது, ஒருவருக்கொருவரும் ஒத்துப்போகாது. கணக்கை மட்டும் கற்றுக்கொடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா, நீயே சொல்.

முதலில் ‘பொன்திரை’யைக் கேள், அப்புறம் நான்காவது சிம்பொனி. கேட்டுவிட்டு மறுபடி சண்டைக்கு வா.

அன்புடன்,
அண்ணன்