ஒன்பது பேர் என்றால் ஒன்பது பேர்: செட்டிநாட்டு பங்களா விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், தேவகோட்டை வட்டாரத்தில் பழைய வீடுகளை விடுதியாக நடத்திவரும் மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். எங்களை உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு விருந்தினர் வருகிற மாதங்களில், வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், மேசை போட்டு இரவுச் சாப்பாடு பரிமாறும்போது, பட்டாலை என்கிற கூடத்தின் ஓரமாக நின்று ஸ்விங்கும் ஜாஸும் வாசிப்பவர்கள் நாங்கள். நான் பேஸ் கிட்டார். குழுவின் கணக்கு வழக்கும் என் தலையில்தான், அதனால்தான் மடலும் என் கையால்.

போன மாசியில் ஒரு விடுதியில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். எந்த விடுதி என்று எழுதப்போவதில்லை. பெயர் போட்டால் மற்றவர்கள் "நல்லவேளை, நாம் இல்லை" என்று மூச்சு விட்டுவிடுவீர்கள். இது இப்போது ஒரு வீட்டு வழக்கமாக மட்டும் இல்லை.

ஒன்பது பேர் என்று போனில் பேசி, தொகையும் பேசி, தேதியும் குறித்தாயிற்று. இரண்டு டிரம்பெட், ஒரு டிராம்போன், ஆல்ட்டோ, டெனர் என்று இரண்டு சாக்ஸபோன், ஒரு கிளாரினெட், கீபோர்டு, பேஸ், டிரம்ஸ். வேனில் போய் இறங்கியதும் மேலாளர் எங்களை ஒரு முறை எண்ணிப் பார்த்தார். "விருந்தாளியே பத்துப் பன்னிரண்டு பேருதான். இவ்வளவு பேரு எதுக்கு? சாக்ஸபோன் ரெண்டு, கிளாரினெட், கீபோர்டு, நாலு போதும். டிரம்ஸு சத்தம் ஜாஸ்தி. பேஸு வாசிச்சா யாருக்குத் தெரியப்போகுது? அதான் கீபோர்டுலயே ரிதம் இருக்குல்ல?" என்றார். சரி, பணம்? "நாலு பேருக்கு என்னவோ அது."

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எத்தனை பேர் என்று பேசினீர்களோ அத்தனை பேரையும் வாசிக்க விடுங்கள், அத்தனை பேருக்கும் பணம் கொடுங்கள். ஒன்பது பேர் என்றால் ஒன்பது பேர்.

வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட ஐந்து பேருக்கும் திரும்பிப் போக வழி இல்லை. எல்லோருக்கும் சேர்த்து வேன் ஒன்றுதான். "முன்வாசலில் நிற்காதீர்கள், விருந்தாளிகள் போட்டோ எடுக்கிற இடம்" என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் வீடுகள்தான் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை ஆயிற்றே. நாங்கள் சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போய், அடுப்படிக் கட்டின் பின்வாசல் படியில் உட்கார்ந்தோம். கொசு, பாத்திரம் கழுவுகிற தண்ணீர், உள்ளே கோழி வறுக்கிற வாசனை. அதெல்லாம் பழகியதுதான். பழகாதது ஒன்று இருந்தது. உள்ளே எங்கள் பாட்டை எங்கள் ஆட்களே வாசிப்பது வீட்டின் அத்தனை கட்டுகளையும் தாண்டி எங்களுக்குக் கேட்டது. சாக்ஸபோனும் கிளாரினெட்டும் ஒரு வரி கேட்கும், டிரம்பெட்டும் டிராம்போனும் அதற்குப் பதில் சொல்லும் என்பது போல அமைத்த பாட்டு அது. கேள்வி வந்தது. பதில் வரவேண்டிய இடத்தில் கீபோர்டு மெஷினின் டிக் டிக் மட்டும் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிராம்போன்காரர் பெட்டியைத் திறக்கவில்லை. ஆனால் அவர் முறை வரும்போதெல்லாம் வலது கை மட்டும் டிராம்போனின் குழாயை இழுப்பது போல முன்னால் நீண்டு பின்னால் வந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. டிரம்ஸ்காரர் கவனித்துவிட்டு எழுந்து வேனுக்குப் போய்விட்டார்.

உள்ளே விருந்தினர் கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஐயா, அம்மா, பத்துத் தட்டு சாப்பாடு நான்கு தட்டாகக் குறைந்தால் நான்கு பேர் நிறைவாகச் சாப்பிடலாம். பேண்டு அப்படி இல்லை. ஸ்விங் என்கிற ஜாஸ் நடையில் ஒரு தாளத் தட்டை இரண்டாகப் பிரித்தால் இரண்டும் சம பாதியாக வராது. முதல் பாதி கொஞ்சம் நீளும், அடுத்தது சுருங்கும். எவ்வளவு நீளும் என்பது பாட்டின் வேகத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். டிரம்ஸ்காரர் ரைடு சிம்பல் என்கிற பெரிய தட்டுத் தாளத்தில் அந்த நடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது தட்டிலும் நான்காவது தட்டிலும் ஹை-ஹேட் என்கிற ஜோடித் தாளத்தைக் காலால் மூடுவார். பேஸ் தட்டுக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டே இருக்கும். யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டீர்களே, அந்தப் பேஸைத்தான் சொல்கிறேன். அது நடப்பதால்தான் மேலே இருப்பவர்கள் துணிந்து இழுக்கவும் நிறுத்தவும் முடிகிறது. கீபோர்டிலும் 'ஸ்விங்' என்று ஒரு பட்டன் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டெனர்காரர் ஒரு சுரத்தில் நின்று யோசித்தால் அந்தப் பட்டன் அவருக்காகக் காத்திருக்காது.

சத்தம் என்றீர்கள். அது நியாயமான கவலைதான். சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துத் தேய்த்த சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, நாலு பக்கமும் வழுவழுப்பு. வளவில் ஸ்பூன் விழுந்தாலே கணீர் என்று கேட்கும். இது எங்களுக்குத் தெரியாதா? அதனால்தான் எங்கள் டிரம்ஸ்காரர் உங்கள் வீடுகளில் குச்சியை எடுப்பதே இல்லை. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து வாசிப்பார். டிரம்பெட்டுக்குச் சத்தத்தை அடக்கும் மியூட் மாட்டிக்கொள்வோம். பக்கத்து மேசைக்காரர் உப்பு கேட்டால்கூடக் காதில் விழும். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் கூடாது என்ற விதி 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, நாங்கள் அதற்கு அரைமணி முன்பே முடித்துக்கொள்கிறோம். அதே விடுதிகளில் கல்யாண ரிசப்ஷன் என்றால் ஆளுயர டிஜே பாக்ஸ் வந்து இறங்குகிறது. அப்போது பட்டாலையின் கண்ணாடி அதிர்வது யாருக்கும் கேட்பதில்லை போலிருக்கிறது.

நால்வர் வாசிக்கிற ஜாஸ் கிடையாதா என்று கேட்பீர்கள். தாராளமாக உண்டு. 1958-இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டேவ் புரூபெக் இந்தியாவுக்கு வந்தபோது நால்வர் குழுவோடுதான் வந்தார். ஆனால் அந்த நால்வரில் ஒருவர் பேஸ், ஒருவர் டிரம்ஸ். 1963-இல் இன்னொரு அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் வந்தது முழு ஆர்கெஸ்ட்ராவோடு. தில்லியில் அவருக்கே உடம்புக்கு முடியாமல் போனபோது அவர் இல்லாமல் மற்றவர்கள் வாசித்தார்கள். தலைவர் இல்லாமல்கூட ஒப்பேற்றலாம், டிராம்போன் வரிசையைப் பின்தெருவில் உட்காரவைத்துவிட்டு ஒப்பேற்ற முடியாது. உங்களுக்கு நால்வர் போதும் என்றால் பேசும்போதே சொல்லுங்கள். நால்வருக்கு ஏற்ற பாட்டைத் தனியாகப் பழகி, நால்வராக வருகிறோம். அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாசலில் வைத்து வெட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

இந்த ஒன்பது பேர் யார் என்று ஒரு முறையாவது கேட்டிருப்பீர்களா? கிளாரினெட் வாசிக்கிற பெரியவர் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கல்யாண பேண்டு செட். மாப்பிள்ளை அழைப்புக்கு உங்கள் தாத்தாக்களுக்கு முன்னால் அவர் அப்பா வாசித்துக்கொண்டு போயிருக்கலாம். டிராம்போன்காரர் சர்ச்சில் கற்றவர். அவர் கருவி மீரட்டில் செய்தது, இரண்டாம் கையாக வாங்கியது, ஸ்லைடு சிக்காமல் இருக்க அவர் படும் பாடு தனிக்கதை. டிரம்ஸ் டூவீலர் மெக்கானிக். கீபோர்டு கல்லூரி மாணவி. டிரம்பெட்காரர்களில் ஒருவர் ஆத்தங்குடியில் கல் வார்ப்பவர். கண்ணாடிப் பலகையில் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிற வேலை. உங்களில் சிலர் வளவைப் பழுது பார்த்தபோது பதித்த கல் அவர் பட்டறையில் வார்த்தது. அவர் வார்த்த கல்லில் விருந்தாளி நடக்கலாம், மேசை போடலாம், நாய்கூடப் படுக்கலாம். அவர் நின்று டிரம்பெட் வாசிக்கத்தான் இடம் போதவில்லை.

எங்களை எண்ணுகிற இதே கண், தூண்களை எண்ணுவதைக் கேட்டிருக்கிறேன். "இத்தனை தூணும் பர்மா தேக்கு, ஒன்றுகூட மாற்றவில்லை" என்று விருந்தினரிடம் தட்டித் தட்டிக் காட்டுகிறீர்கள். நியாயமான பெருமை. வீடு கட்டிய ஐயா, "பத்துத் தூணில் நாலு போதும், மிச்சத்தைப் பின்தெருவில் சாத்தி வை" என்று கொத்தனாரிடம் சொல்லியிருந்தால் இன்று காட்டுவதற்கு என்ன இருந்திருக்கும்? போகட்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலருடைய விளம்பரப் படத்தில் 'பாரம்பரிய மாளிகையில் ஜாஸ் இரவு' என்று போட்டு எங்கள் படம் இருக்கிறது. அதில் ஒன்பது பேரும் இருக்கிறோம். படத்தில் மட்டும் டிரம்ஸ் சத்தம் போடுவதில்லை.

இந்த வழக்கம் எங்களோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. கோவில் திருவிழாவில் இரண்டு நாதஸ்வரம் இரண்டு தவில் என்று பேசிவிட்டு ஒரு ஜோடியைக் கழற்றிவிடுகிறார்கள். நையாண்டி மேளத்தில் பம்பைக்காரரைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்பீக்கரை வைக்கிறார்கள். பேண்டு செட்டில் சட்டை போட்டவர் பத்துப் பேர் நடப்பார்கள், ஊதத் தெரிந்தவர் நான்கு பேர்தான் இருப்பார்கள். நான்கு பேருக்குத்தானே பணம் தருகிறார்கள், வேறு என்ன செய்வது? இப்படியே குறைத்துக் குறைத்துக் கடைசியில் ஒரு பென்டிரைவும் அதைச் சொருக ஒரு பையனும் மிஞ்சுவார்கள். அவனுக்கும் சம்பளம் பாதிதான் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது சின்ன விஷயம்தான். கல்யாணம் என்றால் இசைகுடிமானம் என்கிற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஊர் நம் ஊர். கொடுக்கிற ஒவ்வொரு சாமானையும் எழுதிவைப்பவர்கள், கடல் தாண்டிக் கணக்கு எழுதியவர்கள் நீங்கள். எங்களுக்கும் ஒரு துண்டுத்தாள் எழுதிக் கொடுங்கள். எத்தனை பேர், என்ன தொகை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சாப்பாடு எப்போது. பாதி அட்வான்ஸ், மீதி வாசித்து முடித்த அன்று இரவே. "அடுத்த வாரம் ஜிபே பண்றேன்" என்ற வார்த்தையை மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டாம்.

ஆட்களைக் குறைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கும் வரும், புரிகிறது. விருந்தினர் கடைசி நேரத்தில் வராமல் போவார்கள், மழை வரும், முற்றம் நனையும். இரண்டு நாள் முன்னால் ஒரு போன் போட்டுச் சொன்னால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். வந்து இறங்கிய பிறகு, ஒன்பது பேர் என்றால் ஒன்பது பேர்.

கடைசியாக, அந்த மாசி மாத விடுதியின் உரிமையாளரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். அன்று கிடைத்த நாலு பேர் பணத்தை ஒன்பதாகப் பிரித்துக்கொண்டோம். வேன் வாடகையை என் கையிலிருந்து கொடுத்தேன். ஐந்து பேருடைய பணம் இன்னும் பாக்கி நிற்கிறது. ஐப்பசியில் சீசன் தொடங்குவதற்குள் அதைத் தீர்த்துவைத்தால், முதல் அழைப்பு உங்களுடையதாகவே இருந்தாலும் வருவோம். முன்வாசல் வழியாக வருவதற்கு அனுமதி உண்டா என்பதையும் அப்படியே தெரிவித்தால் உதவியாக இருக்கும். டிரம்ஸ் பெட்டிகளை அடுப்படி வழியாகத் தூக்கி வருவது சமையல்காரருக்கும் தொந்தரவு.

இப்படிக்கு,
பேஸ் கிட்டார் வாசிப்பவர்,
மற்ற எட்டுப் பேரின் சம்மதத்துடன்,
காரைக்குடி