கார்க் கண்ணாடியில் வசனம்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகன் ஜெபக்குமாருக்கு அம்மா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி மட்டும் விடவில்லை. புதுக் கார் படம் பார்த்தோம். பின் கண்ணாடியில் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று ஒட்டியிருப்பதை அப்பா தெருவில் நாலு பேருக்குக் காட்டிவிட்டார். எனக்கும் பெருமைதான். வசனம் ஒட்டிய வண்டியை ஓட்டுகிறாய், ஆரன் அடித்து ஆளை விரட்டாதே. காலையில் நீ வைக்கிற வசன ஸ்டேட்டஸையும் தினமும் பார்க்கிறேன்.

உன் வீட்டில் வேலைக்கு நின்ற முத்துலட்சுமி போன வாரம் வந்து இறங்கினாள். கோயில் கொடைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் போகவில்லையாம். ஏன் என்று கேட்டால், "நல்லாத்தான் வச்சிருந்தாங்க பெரியம்மா" என்கிறாள். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. ஆள் மெலிந்துவிட்டாள். கையில் ஒரு கட்டைப் பை, அதில் மருமகள் ஜெபா கொடுத்த பழைய சுடிதார் இரண்டு. பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட வாங்கி வரவில்லை. நானும் துருவவில்லை. உன்னிடம் போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய்.

பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மகளைப் பட்டணத்துக்கு அனுப்ப அவள் தாய் எவ்வளவு யோசித்தாள்! கடைசியில் "வேதக்காரங்க வீடு, கூலிக்குப் பயமில்ல" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினாள். அந்தப் பேரை நீயும் நானும் சம்பாதிக்கவில்லை ஐயா. பனையேறிக்குக் கூலி கொடுக்காமல் உன் தாத்தா ராச்சாப்பாட்டுக்கு உட்கார மாட்டார். கருப்பட்டி விலை விழுந்த வருஷம் ஆச்சி சங்கிலி எங்கே போனது, எதற்குப் போனது என்று உனக்கே தெரியும்.

சங்கப் பண்டிகையில் நம் சபை ஐயர் அசரியா அத்தியட்சரை, அதுதான் அசரியா பிஷப்பை, பற்றிப் பேசினார். நம் வெள்ளாளன்விளைக்காரர்தான். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர், 1912-ல் தெலுங்கு தேசத்து டோர்னக்கலுக்கு அத்தியட்சரானார். அங்கே ஞானஸ்நானம் பெற்ற கூலிக்கார ஜனங்கள் குடியை விட்டு ஒழுங்காகப் பிழைப்பதைப் பார்த்துத்தான் மற்ற சாதிக்காரர்களும் தேடி வந்தார்களாம். ஐயர் நெடுநேரம் பேசினார், எனக்கு இது ஒன்றுதான் மனதில் நின்றது. நம்மையும் ஊரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மறுநாள் குடும்ப ஜெபத்தில் உபாகமம் 24 வந்தது. 14, 15 வசனங்களை நீயும் வாசி. ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம், சும்மா வாசி.

நேரத்துக்குச் சாப்பிடு. ஜெபாவைச் சத்தம் போடாதே, வரவு செலவெல்லாம் உன் கையில்தானே இருக்கிறது. இத்தனை பெரிய காரை வாங்கத் தெரிந்த பிள்ளைக்கு நான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டுமா? வண்டியை நிதானமாக ஓட்டு, ஆரன் அடிக்காதே.

சபை அசன விருந்துக்கு எல்லாரும் வாருங்கள். அவள் தாய் எப்போதும்போல் காய் நறுக்க வருவாள், நான் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். ஏதாவது பாக்கி இருந்தால், இருந்தால்தான் சொல்கிறேன், அப்பா கணக்கில் போட்டுவிடு. முத்துலட்சுமிக்கு ஜிபே எல்லாம் கிடையாது. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எத்தனை மாதத்துக்கு என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
அம்மா