எந்த நார்ச்சத்து என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கான உணவுக் குறிப்புகளில் 'நார்ச்சத்து அதிகம் சேருங்கள்' என்ற வரி தவறாமல் வருகிறது. எந்த நார் என்று யாரும் சொல்வதில்லை. விளைவு, பெங்களூருத் தமிழ் வீடுகளில் சப்பாத்தி மாவோடு கோதுமைத் தவிட்டையும் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, கையோடு கால்சியம் மாத்திரையும் போட்டுக்கொள்கிறார்கள். தவிட்டிலுள்ள ஃபைட்டேட் என்ற இயற்கைப் பொருள் கால்சியம், இரும்பு, துத்தநாகம் மூன்றையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். மாத்திரையில் ஒரு பங்கு வீணாகிறது.

மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்தபின் குடல் கால்சியத்தை உறிஞ்சும் திறன் குறைகிறது. சிறுநீரிலும் கூடுதலாக வெளியேறுகிறது. இந்த நிலையில் கைகொடுப்பது இனுலின் போன்ற, குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கும் நார். அது செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அமிலமாக மாறுகிறது. அமிலம் கூடினால், கரையாமல் கிடந்த கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து அங்கேயே உறிஞ்சப்படும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளாவது ஆன பெண்கள் ஒலிகோஃப்ரக்டோஸ் (இனுலினைப் போன்ற, அதைவிடக் குட்டையான நார்) சேர்த்த இனுலினைத் தினம் 10 கிராம் வீதம் 6 வாரம் எடுத்தபோது இரண்டின் உறிஞ்சலும் கூடியது. எலும்பு அடர்த்தி குறைந்திருந்தவர்களுக்குப் பலன் அதிகம். ஆனால் அங்கே அளந்தது உறிஞ்சலைத்தான். 'எலும்பு முறியாது' என்று டப்பாவில் எழுதி விற்றால் நம்பாதீர்கள்.

இனுலின் பொடி வாங்குபவர்கள் முதல் நாளே 10 கிராம் கலக்குவதுதான் பெரிய தவறு. வயிறு உப்பி, வாயு பிரிந்து, பேதியாகி, ஒரே வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். 2 கிராமில் தொடங்கி, மோரில் கலந்து, வயிறு ஒத்துக்கொண்டால் மட்டும் வாரத்துக்கு 2 கிராம் கூட்டுங்கள். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். இசப்கோல் மலச்சிக்கலுக்கு நல்லதுதான். ஆனால் அது அவ்வளவாக நொதிப்பதில்லை, இந்த வேலைக்கு ஆகாது. இனுலின் நிறைந்த சிக்கரி வேர்தான் காபித்தூளில் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். வறுக்கும்போதே அதன் இனுலினில் பெரும்பகுதி சிதைந்துவிடும்.

சமையலில் பூண்டும் வெங்காயமும் இனுலின் தரும்; கொண்டைக்கடலை, காராமணியில் வேறு வகை நொதிக்கும் நார் உண்டு. கால்சியத்துக்கு நம் ஊர் ராகியே போதுமே என்பார்கள். 100 கிராமில் 350 மி.கி. அளவுக்கு இருப்பது உண்மைதான், ஆனால் ஃபைட்டேட்டும் கூடவே இருக்கிறது. முளைகட்டினால் அது குறையும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரத்துணியில் கட்டி வையுங்கள். வெள்ளை முளை தானியத்தின் நீளம் வந்ததும் உலர்த்தி, வாசம் வரும்வரை வறுத்து அரையுங்கள். துணியில் கொழகொழப்போ புளித்த வாடையோ வந்தால் அவ்வளவையும் கொட்டிவிட வேண்டும். இந்த மாவில் களி கிளறினால் இளகிப்போகும், உருண்டை பிடிக்க வராது, கஞ்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கால்சியம் மாத்திரை கார்பனேட் வகையென்றால் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மி.கி. கால்சியத்துக்கு மேல் போகாமல், தவிடு சேராத வேளையில் எடுப்பது நல்லது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது விட வேண்டும். காலையில் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்தும் சரியாக உடம்பில் சேராது.

உணவியல் ஆலோசகர்கள் இருவர்,
அல்சூர், பெங்களூரு